நாலு மணி நேர நாகரிகம்

சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய்விட்டன என்று தெரிந்தபோது அருள்செல்வனுக்கு முப்பத்தாறு வயது. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தான். வெளிநாட்டுக்காரன் கேட்ட பனியனைக் கேட்ட நிறத்தில், சொன்ன தேதிக்குள் கப்பலேற்ற வேண்டும். அதற்காக நாள் முழுவதும் சாயப்பட்டறைக்காரர்களிடமும் பிரிண்டிங்காரர்களிடமும் போனில் மன்றாடுகிற வேலை. அடிக்கடி தலைவலி வரும். ஒரு டீ குடித்தால் சரியாகிவிடும் என்று இருந்துவிடுவான். ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டதே இல்லை. கால் வீங்கி, மூச்சு இரைத்து, ஒரு நாள் பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டிகள்மேல் சரிந்து உட்கார்ந்தவனை அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள்.

அதன் பிறகு வாரத்தில் மூன்று காலைகள் டயாலிசிஸுக்குப் போயின. ஒரு அறக்கட்டளை நடத்தும் ஆஸ்பத்திரியின் மாடியில் சாய்வு நாற்காலிகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே போட்டிருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மெஷின். இடது கையில் இரண்டு ஊசிகளைச் செருகுவார்கள். ஒன்றின் வழியாக ரத்தம் மெஷினுக்குப் போகும், சுத்தமாகி மற்றொன்றின் வழியாகத் திரும்பி வரும். அதற்கு நான்கு மணி நேரம் ஆகும். அதுவரை அந்தக் கையை அசைக்கக் கூடாது. அருள்செல்வன் உட்கார்ந்த உடனே வெள்ளைப் போர்வையை எடுத்து முகம்வரை இழுத்து மூடிக்கொள்வான். பக்கத்து நாற்காலியில் யார், எதிரே யார் என்று பல வாரங்கள் அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவனுக்கு விருப்பமில்லை.

அவன் மனைவி யாழினி ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. காலையில் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போவாள், மதியம் வந்து அழைத்துப்போவாள். ஒரு திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது, ஸ்கூட்டரின் முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஒரு பெரிய துணிப்பை இருந்ததை அவன் கவனித்தான். உள்ளே என்ன என்று கேட்கவே தேவையில்லை. அந்தப் பெட்டியின் அளவு அவனுக்குத் தெரியும்.

கல்யாணமான புதிதில் பெங்களூர் போயிருந்தபோது வாங்கியது அது. ஒரு பலகை விளையாட்டு. ஆற்றங்கரையில் ஒரே ஒரு கிராமத்தோடு தொடங்கி, வயல், சாலை, நகரம், நூலகம், கோட்டை என்று ஒரு நாகரிகத்தையே கட்டி எழுப்புகிற ஆட்டம். வாங்கிய சமயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் வீட்டுக்கு வருவார்கள். ஓர் ஆட்டம் முடிய அரை நாள் ஆகும். பிறகு ஒருவனுக்கு ஷிப்மென்ட் வந்தது, ஒருவனுக்குக் குழந்தை பிறந்தது, இன்னொருவன் சொந்தமாகத் தையல் யூனிட் போட்டான். நாலு மணி நேரம் இப்போது யாருக்கு இருக்கிறது என்றார்கள். பெட்டி பீரோவின் மேலேறித் தூசி படிந்தது. உடம்பு இப்படி ஆன பிறகு நண்பர்கள் வந்து பார்த்தார்கள், ஆப்பிள் வாங்கி வந்தார்கள். அவன் அதைச் சாப்பிடலாமா கூடாதா என்று தெரியாமல் சங்கடப்பட்டு எழுந்து போனார்கள்.

இதை எதற்கு இங்கே தூக்கி வந்தாய் என்று யாழினியிடம் எரிந்து விழுந்தான். ஊசி குத்திக்கொண்டு கிடக்கிற இடத்தில் விளையாட்டுச் சாமான் ஒரு கேடா என்றும் கேட்டான். அவள் பையை அவன் தோளில் மாட்டினாள்.

“நாலு மணி நேரம் இப்ப ஆருக்கு இருக்குதுன்னு உங்க ஃப்ரெண்ட்ஸு கேட்டாங்கல்லங்க. இங்க எல்லார்த்துக்கும் இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் வண்டியைத் திருப்பினாள்.

அன்று பெட்டி அவன் நாற்காலிக்குக் கீழேயே கிடந்தது. அவன் போர்வைக்குள் இருந்தான்.

அதைப் பற்றி முதலில் விசாரித்தது எதிர் நாற்காலியில் இருந்த சாரதாமணி. பல்லடத்துக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற குடும்பம். ஐம்பது வயது தாண்டியவர். மெஷினில் உட்காரவும் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டுதான் வருவார். கீழே இருப்பது பட்டுப்புடவைப் பெட்டியா என்று கேட்டார். இல்லை, விளையாட்டு என்று போர்வைக்குள்ளிருந்தே பதில் வந்தது. சின்னப் பிள்ளைகள் ஆடுவதா என்று அவர் மறுபடி கேட்டார். பெரியவர்கள் ஆடுவதுதான் என்று சொல்வதற்காக அருள்செல்வன் போர்வையை விலக்க வேண்டியதாயிற்று.

பக்கத்து நாற்காலியில் இருந்த ஆள் கழுத்தை நீட்டிப் பார்த்தார். ஜெயபாண்டி என்று பெயர். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து இருபது வயதில் திருப்பூருக்கு வந்து, கட்டிங் மாஸ்டராக உயர்ந்தவர். மேசைமேல் துணியை அடுக்கி, அளவு வரைந்து, மெஷின் கத்தியால் வெட்டுகிற வேலை. நாள் முழுக்க நின்று செய்ய வேண்டியது அது. இப்போது நிற்க முடியாததால் வீட்டில் இருந்தார். மனைவி தையலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“தொறந்து காமிங்க சார். நமக்கு வேற என்ன சோலி கெடக்கு” என்றார் ஜெயபாண்டி.

அந்தப் பிரிவின் பொறுப்பு சிஸ்டர் விஜயராணியிடம் இருந்தது. சிவகங்கைப் பக்கத்துப் பெண், கண்டிப்பானவர். நோயாளிகளுக்கு நடுவில் அட்டையும் கட்டையும் பரப்புவதா என்று முதலில் மறுத்தார். பிறகு, போர்வைக்குள்ளேயே கிடந்த ஆள் எழுந்து உட்கார்ந்து கெஞ்சுவதைப் பார்த்து என்ன நினைத்தாரோ, நிபந்தனைகள் போட்டார். ஒவ்வொரு கட்டையையும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். ஊசி குத்திய கை துளியும் அசையக் கூடாது. பிரஷர் பார்க்க வரும்போது ஆட்டத்தை நிறுத்த வேண்டும். சத்தம் போடக் கூடாது. யாழினி சீட்டுகளை எல்லாம் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்துகொண்டு வந்தாள். சக்கரம் வைத்த ஒரு ஸ்டீல் மேசையை இரண்டு வரிசைக்கும் நடுவே தள்ளிவைத்து அதன்மேல் பலகையை விரித்தார்கள்.

முதல் நாள் ஆட்டம் நடக்கவே இல்லை. விதிகளைச் சொல்லியே நான்கு மணி நேரம் போய்விட்டது. அருள்செல்வன் கம்பெனியில் வெளிநாட்டு பையருக்கு விளக்குகிற மாதிரி புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினான். பாதி இங்கிலீஷ். எத்தனை வகை நிலம், எத்தனை வகைச் சீட்டு, போரில் எப்படிக் கணக்கிடுவது, கடைசியில் எப்படி மதிப்பெண் கூட்டுவது என்று அடுக்கிக்கொண்டே போனான். சாரதாமணி கண்ணை மூடிவிட்டார். ஜெயபாண்டி மரியாதைக்காக முழித்திருந்தார். மதியம் ஸ்கூட்டரில் போகும்போது, இதெல்லாம் நடக்கிற காரியமில்லை என்று யாழினியிடம் சொன்னான். அவள், பள்ளியில் கூட்டல் சொல்லித்தரும்போது முதல் நாளே பெருக்கலைச் சொல்வோமா என்று மட்டும் கேட்டாள்.

அதை அவன் யோசித்துக்கொண்டே இருந்தான். அடுத்த முறை புத்தகத்தை எடுக்கவில்லை. ஆளுக்கு ஒரு கிராமத்தை, மரத்தில் செய்த சின்னஞ்சிறு வீட்டை, கையில் கொடுத்தான். இரண்டிரண்டு மரப்பொம்மை மனிதர்களையும் கொடுத்தான்.

“மூணே கேள்விதாங்க. ஒவ்வொரு சுத்துலயும் நம்மள நாமளே கேட்டுக்கோணும். என்ர சனம் இன்னைக்கு என்ன திங்கும்? எங்க போகும்? புதுசா என்ன கத்துக்கும்? இதுக்கு மூணுக்கும் பதில் சொல்லிட்டா ஆட்டம் ஓடும். மத்ததெல்லாம் போகப்போகத் தெரியுமுங்க” என்றான்.

அப்படித்தான் தொடங்கியது. பலகையில் ஆறு மூலை கொண்ட அட்டைகள் கவிழ்ந்து கிடந்தன. உங்கள் ஆளை ஓர் அட்டைக்கு அனுப்பினால் அதைத் திருப்பிப் பார்க்கலாம். வயலாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் தானியம் கிடைக்கும். காடு மரம் தரும், மலை கல் தரும். தானியம் சேர்ந்தால் ஜனம் பெருகும். ஆனால் வாய்கள் அதிகமாகித் தானியம் குறைந்தால் ஒரு ஆள் பசியில் போய்விடுவான், அந்தக் கட்டையைப் பெட்டிக்குள் திருப்பிப் போட வேண்டும். அறிவுக்குத் தனிச் சீட்டுகள். மண்பானை செய்யக் கற்றால் தானியத்தைச் சேமிக்கலாம். சக்கரம் கற்றால் சாலை போடலாம். சக்கரமும் எழுத்தும் இருந்தால்தான் அடுத்தவரோடு பெரிய வியாபாரம் செய்யலாம். ஒன்றை விட்டுவிட்டு அதற்கு மேலே உள்ளதைக் கற்க முடியாது. கடைசியில் யாராவது ஒருவர் மூன்று அதிசயங்களைக் கட்டி முடித்தால் ஆட்டம் நின்றுவிடும். அணை, நூலகம், பெரிய கோபுரம் இதெல்லாம் அதிசயம். ஆட்டம் நின்றதும் யாருடைய ஊர்கள், சாலைகள், அறிவு எல்லாம் சேர்ந்து அதிகமோ அவருக்கு வெற்றி.

ஒரு கையால் சீட்டுகளைப் பிடித்துக்கொண்டே கட்டையை நகர்த்த முடியவில்லை. ஜெயபாண்டிதான் வழி கண்டுபிடித்தார். பேண்ட் தொங்கவிடுகிற, இரண்டு பக்கமும் கிளிப் வைத்த ஹேங்கர்களைக் கொண்டுவந்தார். அதை நாற்காலிக் கைப்பிடியில் மாட்டி, சீட்டுகளைக் கிளிப்பில் செருகிவைத்தார்கள். பார்ப்பதற்கு ஷோரூம் மாதிரி இருந்தது.

ஆட ஆட ஒவ்வொருவரின் குணமும் தெரிந்தது. ஜெயபாண்டி எந்த ஆட்டத்திலும் முதலில் ஆற்றைத் தேடித்தான் போவார். அவருக்கு நாள் முழுவதற்கும் அளந்துதான் தண்ணீர். சிறுநீர் பிரியாத உடம்பில் குடிக்கிறதெல்லாம் உள்ளேயே தங்கும் என்பதால் டாக்டர் அப்படி வைத்திருந்தார். பலகையிலாவது தண்ணி பக்கத்தில் இருக்கட்டும் சார் என்பார். சாரதாமணி தன் ஊர்களுக்கெல்லாம் பெயர் வைத்தார், சண்டைக்கு மட்டும் போகமாட்டார். யாருக்காவது தானியம் குறைந்தால் கேட்காமலே ஒரு கட்டையை நகர்த்திக் கொடுப்பார். விதியில் அதற்கு இடமுண்டா என்று அருள்செல்வனே புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

அவனோ ஜெயிக்க ஆடினான். பழகியவன் என்பதால் சுலபமாக ஜெயித்தான். ஆட்டம் முடிந்ததும் நீங்கள் எங்கே கோட்டைவிட்டீர்கள் என்று விளக்கமும் சொல்வான். ஒரு நாள் சாரதாமணியின் ஊர் ஒன்றில் காவலுக்கு ஒரு பொம்மைகூட இல்லாததைப் பார்த்தான். உடனே படையை அனுப்பி அதைப் பிடித்துக்கொண்டான். அது அவருடைய பெரிய ஊர், தன் மகள் பெயரை வைத்திருந்தார். மெஷினை நிறுத்தி ஊசியைப் பிடுங்கும்வரை அவர் வாயைத் திறக்கவே இல்லை. அருள்செல்வனுக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. விளையாட்டுக்காக இப்படி வருத்தப்படுவது அவனுக்கே வேடிக்கையாக இருந்தது. ஆனால் நோய் வந்ததிலிருந்து தன்னைத் தவிர வேறொருவரை நினைத்து அவன் வருத்தப்பட்டதும் அதுதான் முதல் தடவை.

அடுத்த முறை அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே பேசினார்.

“தப்பு உங்க மேல இல்லீங்க தம்பி. ஊர வெச்சுட்டு காவலுக்கு ஒரு ஆள நிறுத்தோணுமுங்க. நிறுத்தாதது என்ர தப்பு. இன்னைக்கு வாங்க பாக்கலாம்.”

அன்று அவர் முதலில் கற்றது மதில் கட்டுகிற சீட்டை. ஆட்டம் முடியும்வரை அருள்செல்வனால் அவர் எல்லைக்குள் கால் வைக்க முடியவில்லை. இருவரும் மோதிக்கொண்டிருந்த நேரத்தில் ஜெயபாண்டி சத்தமில்லாமல் ஆற்றோரம் சாலை போட்டு மூன்றாவது அதிசயத்தையும் கட்டி ஜெயித்துவிட்டார். வார்டில் சத்தம் போடக் கூடாது என்ற நிபந்தனையை அன்றைக்கு மீறியது விஜயராணிதான். அவர் சிரித்த சிரிப்பில் மற்ற நாற்காலிக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

விளையாட்டால் இன்னொன்றும் நடந்தது. தண்ணீர் அதிகம் குடித்துவிட்டு வந்தால் மெஷின் அதையெல்லாம் உறிஞ்ச வேண்டும். அப்போது பிரஷர் இறங்கும், கால் இழுக்கும், அன்றைய ஆட்டம் கெடும். அதனால் காலையில் ஒருவர் எடை பார்க்கிற மெஷின்மேல் ஏறும்போது மற்ற இருவரும் முள்ளையே பார்ப்பார்கள். எடை கூடியிருந்தால் திட்டு விழும். டாக்டர் சொல்லிக் கேட்காததை ஒருவருக்கொருவர் சொல்லிக் கேட்டார்கள். உங்கள் மூன்று பேர் எடைதான் இப்போது ஒழுங்காக இருக்கிறது என்று விஜயராணி ஒரு நாள் சொன்னார்.

சித்திரை மாதத்தில் குண்டடத்தில் அருள்செல்வனின் சித்தப்பா வீட்டில் கல்யாணம் வந்தது. வெயில் கொளுத்தியது. பந்தலில் மோர் கொடுத்தார்கள், தர்பூசணி வைத்தார்கள். நோய் வந்த பிறகு அவன் கலந்துகொண்ட முதல் விசேஷம் அது. எல்லாரும் உடம்பு எப்படி, உடம்பு எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நன்றாக இருக்கிறேன் என்று காட்டுவதற்காகவே ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தான். அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. யாழினி உள்ளே பெண்களோடு இருந்ததால் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் எடை வழக்கத்தைவிட மிக அதிகமாக இருந்தது. சாரதாமணியும் ஜெயபாண்டியும் வருவதற்கு முன்பே ஏறிப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டான். விஜயராணி முறைத்தார். அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டான்.

அன்று ஆட்டம் அவன் பக்கம் இருந்தது. நூலகமும் அணையும் கட்டியாயிற்று. கோபுரத்துக்கு இன்னும் ஒரு கல் போதும். மூன்றாவது மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. விஜயராணி வந்து பிரஷர் பார்த்துவிட்டு, கொஞ்சம் இறங்கியிருக்கிறது, மயக்கமாக இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றான். அவர் மெஷினில் எதையோ குறைத்துவைத்துவிட்டு, வார்டின் கடைசியில் வேறொருவருக்கு ஊசி எடுக்கப் போனார்.

ஜெயபாண்டி ஒரு சாலைத்துண்டை வைத்துவிட்டு, சார், உங்க ஆட்டம் என்றார். அருள்செல்வன் கொட்டாவி விட்டான். மரப்பொம்மை ஒன்றைக் கையில் எடுத்தான், ஆனால் வைக்கவில்லை. இன்னொரு முறை கொட்டாவி விட்டான். ஜெயபாண்டி அவன் முகத்தைப் பார்த்தார். வழக்கமாகத் தன் முறை வந்ததும் இந்த ஆள் மற்ற இருவரையும் ஒரு தடவை பார்த்துச் சிரிப்பான், பிறகுதான் கட்டையைத் தொடுவான். இன்று சிரிப்பு இல்லை. நெற்றியில் வேர்வை முத்துமுத்தாக நின்றது. ஏசி ஓடுகிற அறையில் வேர்வை.

“சார்” என்றார் மறுபடியும். பொம்மை விரல்களிலிருந்து நழுவி மேசையில் விழுந்து உருண்டது.

“சிஸ்டர், சிஸ்டர் ஓடியாங்க, சாருக்கு என்னமோ பண்ணுது!”

விஜயராணி ஓடி வந்தார். அருள்செல்வனின் நாற்காலிக்கும் மெஷினுக்கும் போகிற வழியில் விளையாட்டு மேசை நின்றது. அவர் அதைச் சுற்றி வருவதற்குள் ஜெயபாண்டி காலை நீட்டி மேசையை ஓர் உதை உதைத்தார். அது சக்கரத்தில் ஓடிப்போய்ச் சுவரில் இடித்துச் சாய்ந்தது. மலை, காடு, ஆறு, சாலை, மூன்று பேர் நாகரிகமும் தரையில் சிதறின. விஜயராணி நாற்காலியைச் சாய்த்துத் தலையைக் கீழாகவும் காலை மேலாகவும் இறக்கினார், சலைனைத் திறந்துவிட்டார், மெஷின் பொத்தான்களைத் தட்டினார். அதற்குப் பிறகுதான் அலாரமே அடித்தது. பின்னாலேயே டாக்டர் வந்தார்.

அருள்செல்வனுக்கு நினைவு திரும்பியபோது முதலில் தெரிந்தது கூரையில் எரியும் டியூப்லைட். அப்புறம் தன் பாதங்கள். அவை தன் தலையைவிட உயரத்தில் இருந்தன. சிஸ்டர் கன்னத்தைத் தட்டிப் பெயரைக் கேட்டார், சொன்னான். தலையைத் திருப்பிப் பார்த்தால் தரை முழுக்கக் கட்டைகள்.

ஜெயபாண்டியின் ஊசிக் கையை விஜயராணி சோதித்துப் பார்த்தார். அவ்வளவு வேகமாக உதைத்தவர் அந்தக் கையை ஒரு நூலளவும் அசைக்கவில்லை. ஜெயபாண்டிக்கோ வேறு கவலை.

“எல்லாம் கொட்டிப்போச்சு சார். நீங்க செயிக்கிற ஆட்டம்” என்றார்.

அருள்செல்வனின் கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டான்.

“நான் உங்களைத்தான சார் எந்நேரமும் பாத்துக்கிட்டிருக்கேன்? எப்ப வந்து என் ரோட்டை மறிப்பீகன்னு. உங்க மூஞ்சி எனக்கு மனப்பாடம்.”

அதைக் கேட்டு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. சாரதாமணி மட்டும் சிரிக்கவில்லை. எதிர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, எத்தனை டம்ளர் என்று கேட்டார். தெரியவில்லைங்க அக்கா, மோர் குடித்தேன், தர்பூசணியும் தின்றேன் என்று உண்மையைச் சொன்னான். அவர் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். சொந்த அக்காகூட அவனை அப்படித் திட்டியதில்லை. ஒவ்வொரு வசவும் அவனுக்கு இதமாக இருந்தது.

மதியம் யாழினி வந்தாள். விஜயராணி எல்லாவற்றையும் வெளியிலேயே சொல்லி, உள்ளே போக அனுமதித்திருந்தார். அவள் வந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஜெயபாண்டியின் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். அவர் கூச்சப்பட்டு, இருக்கட்டும்மா, இருக்கட்டும்மா என்றார். அதற்கப்புறம் அவள் தரையில் உட்கார்ந்து, நாற்காலிகளுக்கு அடியில் கையை விட்டு விட்டு ஒவ்வொரு கட்டையாகப் பொறுக்கினாள். கட்டிய புடவை முழங்காலில் அழுக்கானது. அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தான் அருள்செல்வன்.

“யாழினி” என்று கூப்பிட்டான். “அன்னைக்கு வாசல்ல உன்ன என்னென்னமோ சொல்லிட்டேன். நீ இதக் கொண்டாந்து குடுக்கலீனா நான் போர்வைய மூடிக்கிட்டுத்தான் கெடந்திருப்பேன். போர்வைக்குள்ள மூஞ்சிய ஆரு பாத்திருப்பா?”

அவள் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு மரப்பொம்மையைக் காணோமுங்க என்றாள். சாரதாமணி தன் நாற்காலிக்குப் பின்னால் அது கிடப்பதைக் காட்டினார்.

ஆவணி மாதத்தில் சாரதாமணிக்குச் சிறுநீரக மாற்று முடிவானது. கொடுப்பது அவர் கணவர் கந்தப்பன். பரிசோதனைகளுக்கே பல மாதங்கள் ஆகியிருந்தன, அதைச் சாரதாமணி யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, சொன்னால் நடக்காமல் போய்விடுமோ என்ற பயம். கோயம்புத்தூருக்குப் போவதற்கு முன் அவர் கடைசியாக மெஷினில் உட்கார்ந்த நாளில் மூவரும் ஆடினார்கள். யாரும் விட்டுக்கொடுத்து ஆடக் கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஜெயபாண்டி ஜெயித்தார். கிளம்பும்போது சாரதாமணி இரண்டு பேர் பக்கமும் திரும்பினார். தண்ணியப் பாத்துக் குடிங்க சாமி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் சில வாரங்கள் ஒரு தகவலும் இல்லை. போன் செய்யலாம், ஆனால் செய்யப் பயம். ஒருவரையொருவர் செய்யச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர் நாற்காலியில் திருப்பூர் ராயபுரத்துக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார், பனியன் மொத்த வியாபாரி. அவரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பாதி ஆட்டத்தில், வார்டு கதவுக்கு வெளியே கந்தப்பன் வந்து நின்றார். வெள்ளை வேட்டி சட்டை. விலாப்பக்கம் ஒரு கையைத் தாங்கலாக வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தார். விஜயராணி அவரை உள்ளே ஒரு நிமிஷம் விட்டார். எல்லா நாற்காலிகளிலிருந்தும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதிகம் பேசிப் பழகாத மனுஷர். மேலுதட்டைத் துடைத்துக்கொண்டார்.

“நல்லா இருக்குறாளுங்க” என்றார். பிறகு, என்ன சொன்னால் இவர்களுக்குப் புரியுமோ அதைச் சொன்னார். “நல்லா ஒண்ணுக்குப் போறாளுங்க.”

வேறு எந்த இடத்திலும் இந்தச் செய்திக்கு யாரும் மகிழ்ந்திருக்க மாட்டார்கள். அங்கே இருந்தவர்களில் பல பேருக்கு வருஷக்கணக்காகச் சொட்டுச் சிறுநீர் பிரிந்ததில்லை. எவ்வளவு போகிறது என்று ஒருவர் கேட்டார். அளந்து வைப்பதற்கு நர்சம்மா வைத்த குடுவை போதவில்லையாம் என்று கந்தப்பன் சொன்னார், சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. ஜெயபாண்டி தன் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கடைசி நாற்காலியில் இருந்த பாய் ஒருவர் கண்ணை மூடி வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார். விஜயராணி சிலுவை போட்டுக்கொண்டார். அருள்செல்வன் வலது கையை நெஞ்சில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். தனக்கே கிடைத்த மாதிரி இருந்தது.

மதியம் ஸ்கூட்டரில் போகும்போது யாழினியிடம் இதைச் சொன்னான். பல்லடம் ரோட்டில் தனியார் பஸ்களின் ஹாரன் சத்தத்தில் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. என்னங்க, என்னங்க என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, ஒரு பேக்கரி முன்னால் வண்டியை ஓரங்கட்டி இறங்கி நின்றாள். மறுபடி முதலிலிருந்து சொன்னான். அவள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதாள்.

மூன்று மாதத்துக்கு யாரும் நேரில் போகக் கூடாது என்பதால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாரதாமணியை வீடியோ காலில் கூப்பிட்டார்கள். ஜெயபாண்டியும் மனைவியோடு அருள்செல்வன் வீட்டுக்கு வந்திருந்தார். சாரதாமணியின் கன்னம் மருந்தில் உப்பியிருந்தது. தலையில் பூ இருந்தது. தண்ணீர் குடிக்கச் சொல்லிச் சொல்லிக் கொடுக்கிறார்கள், இத்தனை நாள் குடிக்காமல் இருந்துவிட்டு இப்போது உள்ளே போகமாட்டேன் என்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். அருள்செல்வன், உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் அக்கா என்று தொடங்கினான். எதற்கு என்றார். அவன் யோசித்தான். தானியம் குறைந்தபோதெல்லாம் கேட்காமலே கொடுத்ததற்கு என்று சொன்னான். அவர் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தன் இடத்தில் இப்போது யார் ஆடுகிறார்கள் என்று விசாரித்தார்.

புதிதாக வந்த வியாபாரியைப் பற்றி ஜெயபாண்டி சொன்னார். முதல் சுற்றிலேயே எல்லார் மேலும் படையெடுக்கிறார், தானியத்தைப் பற்றிக் கவலையே இல்லை, போன வாரம் அவர் ஜனம் முழுக்கப் பட்டினியில் போய்விட்டது.

“கோவப்படாதீங்க தம்பி” என்றார் சாரதாமணி. “புதுசா ஊசி குத்திக்கிட்டவருங்க. கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருப்பாரு.”